44 வயதில் சைக்கிள் வருமா? முதலில் பெடலைக் கழற்றுங்கள்

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருக்கு வயது 44. சின்ன வயதில் வீட்டில் சைக்கிள் பழக விடவில்லை. இப்போது ஆசை வந்திருக்கிறது. கணவர் ஒரு நாள் சாயங்காலம் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து சொல்லிக்கொடுத்தார். அவர் கையை விட்டதும் விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டார். "இந்த வயசுக்கு மேல வருமா? என்ன சைக்கிள் வாங்கலாம்? கொஞ்சம் சுகர் இருக்கு, முழங்கால் வலியும் இருக்கு. தெருவுல பார்க்கிறவங்க சிரிப்பாங்களோன்னு கூச்சமாவும் இருக்கு. பேசாம நேரா ஸ்கூட்டியே கத்துக்கலாமா?"

வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு பள்ளி மைதானத்தில் பெரியவர்களுக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற பெண்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். எழுத்தாளர் டால்ஸ்டாய் சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 67. நீங்கள் விழுந்ததற்கு வயது காரணம் இல்லை, கற்றுக்கொண்ட முறைதான் காரணம். உங்கள் கணவரையும் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் எல்லோருமே அப்படித்தான் கற்றோம், அப்படியே சொல்லியும் கொடுக்கிறோம். குழந்தைகளுக்கு அது எப்படியோ ஒத்துவந்துவிடுகிறது. உயரம் குறைவு, எடை குறைவு, விழுந்தால் எழுந்து ஓடிவிடுவார்கள். பெரியவர்களுக்கு அந்த முறை சரிப்படாது.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரையும் இடது பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரம் உங்கள் எடைக்கு அடியில் வந்து சேர்கிறது, வண்டி நிமிர்கிறது. உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிற்க வைக்கும்போது குச்சி சாய்கிற பக்கமே கையைக் கொண்டுபோகிறோம் அல்லவா, அதே வேலைதான். சுழலும் சக்கரத்தின் விசைதான் சைக்கிளை விழாமல் வைத்திருக்கிறது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அந்த விசை வேலை செய்யாதபடி ஒரு சோதனைச் சைக்கிளை வடிவமைத்தார்கள். ஆளே இல்லாமல் தள்ளிவிட்டாலும் அது சாயாமல் ஓடியது. 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. அதுவும் சாய்கிற பக்கம் ஹேண்டிலைத் தானே திருப்பிக்கொண்டுதான் நிமிர்ந்தது.

புதிதாக ஏறுகிறவருக்கு இது தலைகீழாகப் படும். இடது பக்கம் விழப்போகிறோம் என்றால் கை தன்னையறியாமல் வலது பக்கம் இழுக்கும். இழுத்த உடனே விழுவோம். அந்தப் பழக்கத்தைக் கை விட வேண்டும் என்றால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய வேண்டும், நாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். அப்படி எத்தனையோ தடவை நடக்க வேண்டும். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி சாய்வதே இல்லை. சாயாத வண்டியில் கை எதைக் கற்கும்? அவர் விட்ட நொடியில்தான் பாடமே ஆரம்பிக்கிறது. அந்த நொடியில் கால் பெடலில் இருக்கிறது, கண் முன்சக்கரத்தில் இருக்கிறது, மனசு கீழே இருக்கிற தார் ரோட்டில் இருக்கிறது. விழாமல் என்ன செய்யும்?

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். பேலன்ஸ் வேறு, மிதிப்பது வேறு, ரோட்டில் போவது வேறு. மூன்றையும் தனித்தனியாக, இதே வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று கைக்கு வராமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

உலகமே சைக்கிளை இந்த வரிசையில்தான் கற்றது. 1817-இல் ஜெர்மனியில் கார்ல் ஃபான் ட்ரைஸ் என்பவர் மன்ஹைம் நகரில் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. மரச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். பெடல் பொருத்திய வண்டிகள் பிரான்ஸில் பரவியது 1860-களில். இன்று நாம் ஓட்டுகிற மாதிரி பின்சக்கரத்துக்குச் செயின் வைத்த சைக்கிளை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவர் கொண்டுவந்து புகழ்பெற்றது 1885-இல். இரண்டு சக்கரத்தில் நிற்கப் பழகி அரை நூற்றாண்டு ஆன பிறகுதான் மனிதர்கள் மிதிக்கவே ஆரம்பித்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கற்றுக்கொள்ளப் புது சைக்கிள் வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் ஒன்று மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டிருக்கும். பெண்களுக்குக் கொடுத்ததாக இருந்தால் ரொம்ப நல்லது, நடுவில் உயரமான பார் இருக்காது. அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடித்து, இரண்டு பிரேக்கையும் சரிபார்த்து, சீட்டை எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அதற்குச் சைக்கிள் பெரிதாக இருந்தால் வேறு சின்னதாகத் தேடுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் சைக்கிளாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் இரண்டு பெடலையும் கழற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார், பார்க்கட்டும். நீங்களே கழற்றுவதாக இருந்தால் பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பேனர் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செயின் இருக்கும் வலது பக்கப் பெடல், எல்லாத் திருகையும் போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். அதை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். திரும்ப மாட்டும்போது எது இடது, எது வலது என்று மாறாமல் இருக்கப் பெடலில் பெரும்பாலும் எல், ஆர் என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும்.

இடம் முக்கியம். கெட்டியான மண் தரையோ, குட்டையான புல்லோ உள்ள மைதானம், அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சரிவு. மணலில் சக்கரம் புதையும், வேண்டாம். தெருவும் வேண்டாம். வண்டி வருமோ என்று ஒரு காது அங்கேயே இருக்கும். காலை ஆறு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. சுடிதார் போட்டுக்கொண்டு, துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஹெல்மெட் கட்டாயம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும், பின்னந்தலைக்குத் தள்ளிப் போடக் கூடாது.

சீட்டில் உட்கார்ந்து முதலில் வெறுமனே நடங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்து பிடித்து நிறுத்திப் பாருங்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கும் இடது கைப் பிரேக் பின்சக்கரத்துக்கும் போகும். வேகத்தில் முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் பின்சக்கரம் தூக்கும். இரண்டையும் சேர்த்து, மெல்ல அழுத்தி நிறுத்தப் பழகுங்கள். நடை பழகிய பிறகு எட்டி எட்டி அடி வையுங்கள். பிறகு சரிவின் மேல் பக்கத்திலிருந்து இரண்டு காலாலும் ஒரு உந்து உந்தி, காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். ஒரு விநாடி போகும். அடுத்ததில் இரண்டு விநாடி. விழப்போவது போல இருந்தால் காலை ஊன்றிக்கொள்ளலாம், தரை பக்கத்திலேயே இருக்கிறது. பயம் இல்லாததால் கை தன் பாடத்தைத் தானே படிக்கும். ரொம்ப மெதுவாகப் போனால் ஹேண்டில் ஆடும். கொஞ்சம் வேகம் இருந்தால்தான் வண்டி நிலைப்படும். சரிவு தேவை என்று சொன்னது அதற்குத்தான்.

கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சைக்கிள் போகும். சத்துணவு அமைப்பாளராக இருக்கும் ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், எங்கள் மைதானத்துக்கு வந்தார். எல்லாம் சரியாகச் செய்தார், ஆனால் பார்வை மட்டும் முன்சக்கரத்தை விட்டு எழவில்லை. இரண்டு முழம் போவதற்குள் கால் ஊன்றிவிடுவார். எதிரே பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு குறள் எழுதியிருந்தது. "அதைச் சத்தமாகப் படிச்சுக்கிட்டே வாங்கம்மா" என்றேன். முதல் அடியைப் படித்தபோது கால் தரையில் தட்டித் தட்டி வந்தது. இரண்டாவது அடியைப் படித்தபோது இரண்டு காலும் மேலே இருந்தன, அவருக்கு அது தெரியவே இல்லை. சுவருக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடிவந்தார், மறுபடி விடுவதற்கு.

காலை இரண்டும் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து மீட்டர் போய், இடப்பக்கமும் வலப்பக்கமும் லேசாக வளைந்து, காலை ஊன்றாமல் பிரேக்கிலேயே நிறுத்த வருகிறதா? அதுவரை பெடல் வீட்டிலேயே இருக்கட்டும். சிலருக்கு ஒரே காலையில் வந்துவிடும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்துப்போன உடம்பு எதையும் கற்காது. நேற்று வராமல் படுத்தியது இன்று காலையில் ஒன்றுமே இல்லாத மாதிரி வருவதைப் பார்ப்பீர்கள்.

பெடலை மாட்டிய பிறகு பழக வேண்டியது அதிகம் இல்லை, கிளம்புவது ஒன்றுதான். ஆண்கள் இடது பெடலில் காலை வைத்து உந்தி ஓடி, மற்ற காலைப் பின்னால் சுழற்றி ஏறுவார்கள். அது உங்களுக்கு வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவே சைக்கிளை வைத்து நில்லுங்கள். இடது கால் தரையில். வலது பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் வலது காலை வைத்து உறுதியாக ஒரு மிதி மிதித்தால் வண்டி நகரும், உடம்பு சீட்டுக்குப் போகும், இடது கால் தானாகப் பெடலைத் தேடும். உடனே கிடைக்காவிட்டாலும் பதறாதீர்கள், சறுக்கிப் போகத்தான் ஏற்கெனவே தெரியுமே. நிற்கும்போதும் இடது காலையே ஊன்றுங்கள். இடது ஓரமாகப் போகும் உங்களுக்கு மற்ற வண்டிகள் எல்லாம் வலது பக்கமாகத்தான் போகும், தடுமாறினாலும் ரோட்டு ஓரத்துப் பக்கம்தான் சாய வேண்டும்.

இங்கேதான் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது உடம்பின் எடையைச் சீட் தாங்குகிறது. அதனால் நடப்பதை விட முழங்காலுக்கு இதமாகவே இருக்கும். ஆனால் சீட் தாழ்வாக இருந்தால் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகம் மடங்கி, சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். கற்றுக்கொள்ளும்போது இறக்கிய சீட்டை அப்படியே விட்டுவிட்டு, "சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குது" என்று நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். மிதிக்க ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு ஒரு விரல் அளவு சீட்டை ஏற்றுங்கள். சரியான உயரம் எது? சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். அந்த உயரத்தில் நிற்கும்போது விரல் நுனிதான் தரையில் படும். அதற்குள் உங்களுக்கு அது பயமாக இருக்காது.

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பதாக இருந்தால் வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பையில் குளுக்கோஸ் அல்லது நாலு மிட்டாய் வைத்துக்கொண்டு போங்கள். கை நடுங்கி வேர்த்தால் உடனே இறங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் காயம், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் ஓட்டினால் அது தீர்ந்தது.

ஊர் சிரிக்குமோ என்ற கூச்சத்துக்கு என் வார்த்தையை விடப் பெரிய பதில் உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கி, சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கற்றுக்கொண்டவர்கள் யார்? கல் குவாரியில் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள். வளர்ந்த பெண்கள், பிள்ளை பெற்றவர்கள். ஆபாசமான கேலிப் பேச்சு அவர்களுக்கும் இருந்தது. 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். அந்த இயக்கத்தில் கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது பாரோடு இருக்கும் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள்.

எனக்கு அதில் பிடித்த விஷயம், அந்தப் பெண்கள் யாரும் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஏறவில்லை. தண்ணீர் எடுக்கவும், விளைந்ததைக் கொண்டுபோய் விற்கவும், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போகவும் ஏறினார்கள். நான் பார்த்தவரை, கற்றுக்கொண்டும் விட்டுவிட்டவர்கள் எல்லோரும் சைக்கிளுக்கு ஒரு வேலை கொடுக்காதவர்கள். "நேரம் கிடைக்கும்போது ஓட்டுவேன்" என்றால் நேரம் கிடைக்காது. பால் வாங்குவது, கீரைக் கடை, கோயில், பிள்ளையின் டியூஷன் என்று ஏதாவது ஒன்றை இனிமேல் சைக்கிளில்தான் என்று முடிவு செய்துவிடுங்கள்.

வாங்கப் போகும் சைக்கிளும் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கட்டும். கடையில் தடித்த டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் கியரும் வைத்த ஒன்றைத்தான் முதலில் காட்டுவார்கள். குறைந்த விலையில் அதெல்லாம் இருந்தால் எடையும் கூடவே இருக்கும், கியர் அடிக்கடி படுத்தும். தஞ்சாவூர் மாதிரிச் சமதளமான ஊருக்குக் கியர் தேவையே இல்லை. தாழ்ந்த பார் உள்ள லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை, பின்னால் கேரியர், மட்கார்டு, செயினை முழுதாக மூடும் செயின் கவர் போதும். சேலையில் ஓட்டுவீர்கள் என்றால் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வலை மாட்டிக்கொள்ளுங்கள். பொதுவாக 26 இஞ்ச் சக்கரம் சரியாக இருக்கும், ஐந்தடிக்குக் குறைவான உயரம் என்றால் 24 பாருங்கள். சீட் முதல் இரண்டு வாரம் வலிக்கும், எல்லோருக்கும் வலிக்கும், பிறகு போய்விடும். டயரில் காற்று எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். காற்று குறைந்த டயரில் மிதித்துவிட்டு உங்கள் காலைக் குறை சொல்லாதீர்கள்.

ரோட்டுக்குப் போகும் முன் மைதானத்திலேயே இரண்டைப் பழகுங்கள். ஒன்று, ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது. இன்னொன்று, தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. புதியவர்கள் வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் ஹேண்டிலும் வலது பக்கம் போகும். ரோட்டில் அது பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் விடும். இடது ஓரமாகப் போங்கள், ஆனால் தார் முடியும் விளிம்பில் போகாதீர்கள். அந்த விளிம்பில் சக்கரம் இறங்கினால் திரும்ப ஏற்றும்போது வழுக்கும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை இடது பக்கமாகத் தாண்டக் கூடாது. ரயில்வே கேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயப்போடுவார்கள், அதன் மேல் ஏற்றினால் சக்கரம் நிற்காது, சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. பிரேக் பிடித்து இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு, கனமான குரலில் ஒரு அதட்டல் போட்டுவிட்டு நடந்து போங்கள். அநேகமாக அது ஆர்வம் போய் நின்றுவிடும்.

கடைசியாக, ஸ்கூட்டி. நேராக அதற்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்கூட்டர் 100 கிலோ சுமாருக்கு வரும், சைக்கிள் 20 கிலோவுக்குள். சாயும்போது சைக்கிளைக் காலால் தாங்கலாம், ஸ்கூட்டரைத் தாங்கப் போனால் கால்தான் மாட்டும். அதோடு பயந்துபோன கை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும்போது ஆக்சிலரேட்டரையும் சேர்த்து முறுக்கிவிடும். பேலன்ஸ் இரண்டுக்கும் ஒன்றேதான், அதை இலேசான வண்டியில் கற்றுக்கொண்டால் ஸ்கூட்டரில் பழக வேண்டியது ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மட்டும். சைக்கிள் கைக்கு வந்த பிறகு, மைதானத்தில் இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து அவற்றைச் சுற்றி எட்டு போட்டுப் பழகுங்கள். முதலில் அகலமாக, போகப் போகக் குறுக்கிக்கொண்டே. பின்னால் லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஸ்கூட்டரில் போடச் சொல்வதும் அதே எட்டுதான்.